முன் அனுமானிக்கிறதா, முன்னாடி பின்னாடியா?

அக்கா பையன் சேலத்துல ஏதோ பரீட்சைக்குக் கோச்சிங் போறான், அங்க குடுத்த தமிழ் நோட்ஸ நீட்டி "இத்திட்டம் போதிய நீர்வரத்தை முன் அனுமானிக்கிறது"ன்னு இருக்கு, ஒண்ணும் புரியல மாமான்னான். இந்த மாசத்துல இது எனக்கு மூணாவது தடவை, அதான் எழுதிடலாம்னு.

இங்கிலீஷ் மூலச் சொல் ப்ரீசப்போஸ் (presuppose). லத்தீன்ல ப்ரே முன்னாடி, சப் கீழ, போனெரே வைக்கிறது, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. முன்கூட்டியே அடியில வச்சது, வீட்டுக்குக் கடக்கால் மாதிரி. "மூக்கனேரி மறுபடி நெறஞ்சிருச்சா?"ன்னு கேட்டா, முன்னாடி ஒருதடவ நெறஞ்சதுன்னு அந்தக் கேள்வியே எடுத்துக்கிட்டுத்தான் வருது. ஆமான்னாலும் சரி இல்லைன்னாலும் சரி, அது அடியில அப்படியே கெடக்கும்.

இதுக்குப் போய் அனுமானமா? அனுன்னா பின்னாடி, மானம்னா அளவைங்க! பொகையப் பாத்துட்டு, அப்புறம் நெருப்பு இருக்கும்னு முடிவு பண்றது அனுமானம். அதுக்கு முன்னால ஒரு ‘முன்’ ஒட்டுனா முன்-பின்-அளவைன்னு ஆகுது, வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாடு கட்டுன கதைதான். போதாக்குறைக்குத் திட்டம் எப்படிங்க அனுமானிக்கும், அதுக்கு மூளையா இருக்கு? மணிமேகலைல அருத்தாபத்தின்னு ஒரு அளவை வரும், கங்கையில ஆயர்குடி இருக்குன்னா கரையிலன்னு எடுத்துக்கணும்னு. கொஞ்சம் கிட்ட வருது, ஆனா இன்னிக்கு அதச் சொன்னா யாருக்குப் புரியும்.

நம்மகிட்டயே ‘கொள்’ இருக்கு. கணக்குப் புத்தகத்துல "எனக் கொள்வோம்"னு படிச்சவங்கதான எல்லாரும்? முன்கொள்ளுதல், பேரா வேணும்னா முற்கோள். கோள்னா கிரகம், கோள் மூட்டுறதுன்னு சிலர் இழுப்பாங்க, கருதுகோள்னு சொல்றப்ப யாரும் வானத்தப் பாக்கலையே.

அதுவும் எல்லா எடத்துலயும் வேணாம். "தண்ணி வரும்ங்கிறத வச்சுப் போட்ட திட்டம்"னா முடிஞ்சுது. மொழிபெயர்க்கறவங்க சொல்லுக்குச் சொல் தேடுறாங்களே தவிர, ஏற்காடு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட இத எப்படிச் சொல்வோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கறதில்ல. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, யோசிக்க நேரமா இல்ல?

பையன்கிட்ட எல்லாம் சொன்னேன். தலைய ஆட்டிட்டு, நோட்ஸ்ல இருக்கறபடி எழுதுனாத்தான் மார்க்கு மாமான்னுட்டுப் போயிட்டான்.