அலைவரிசை: ஒரு சொல், நான்கு பொருள்

“வைஃபை அடிக்கடி அறுந்துபோனால் ரூட்டரின் அலைவரிசையை மாற்றிப் பாருங்கள்.” மடிக்கணினி இணைப்புக் கோளாறு பற்றிய தமிழ்க் குறிப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி இது. நம்பிப் போய் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பவருக்கு அங்கே மாற்றக்கூடியவை மூன்று காத்திருக்கும்: பேண்ட், சேனல், சேனல் விட்த். தமிழாக்கிய பக்கங்களில் முதலாவது அலைவரிசை, இரண்டாவதும் அலைவரிசை, மூன்றாவது அலைவரிசை அகலம். ஃப்ரீக்வன்சி என்று எங்காவது வந்தால் அதுவும் அலைவரிசைதான். எதை மாற்றுவது? ஊகித்து மாற்றினால் நிலைமை கெடவும் கூடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 ஆக்கியவருக்கு, நெரிசலான இடத்தில், இணைப்பு முன்னைவிட அதிகமாகவே அறலாம்.

சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். அலை + வரிசை. வரிசை என்றால் ஒழுங்கு, நிரல். வானொலியோடு பழகிய சொல் இது. அங்கே அதனால் எந்தக் கேடும் வந்ததில்லை. காரணம் எளிது: ஒரு நிலையம் ஓர் அதிர்வெண்ணில் ஒலிபரப்பும். முள்ளை அந்த எண்ணில் நிறுத்தினால் நிலையம் கிடைத்துவிடும். நிலையம், அதன் அதிர்வெண், அது பிடித்திருக்கும் இடம் மூன்றையும் ஒரே எண் சுட்டியது. அதனால் ஒரே சொல்லும் போதுமானதாக இருந்தது. பட்டைகளுக்கோ சிற்றலை, மத்திய அலை, பண்பலை என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. (பண்பலை எவ்வளவு நல்ல ஆக்கம்! காதுக்கும் இனிது, வேறு எதனோடும் குழம்பாது.) பிறகு தொலைக்காட்சி வந்தது, ஒளிபரப்பும் நிறுவனத்தையே அலைவரிசை என்றோம். “இருவரும் ஒரே அலைவரிசையில் சிந்திக்கிறார்கள்” என்று பேச்சுவழக்கிலும் சொல் ஊறிவிட்டது. அங்கெல்லாம் அது நன்றாகவே வாழ்கிறது. வைஃபைக்குள் இழுத்து வந்ததில்தான் வினை.

ஆங்கில மூலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேனல் என்பது லத்தீனின் கனாலிஸ் வழி வந்தது. நீரோடும் குழாய், வாய்க்கால். அதற்கும் அடியில் நாணலைக் குறிக்கும் கன்னா. பேண்ட் என்பது நாடா போன்ற பட்டை. ஃப்ரீக்வன்சி என்பது ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. பள்ளி இயற்பியல் பாடநூல்களில் அது அதிர்வெண். இந்த மூன்றில் மிகத் தெளிவான தமிழ்ச்சொல் அதற்கே இருக்கிறது, அதைத்தான் தொழில்நுட்பக் குறிப்பெழுதுவோர் கைவிட்டார்கள்.

வைஃபையில் இவை எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தால் வழக்கு தானே தெளியும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை என்பது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் ஒரு நிலத்துண்டு. அதற்குள் போடப்பட்ட தடங்கள் (சேனல்கள்) எண்ணிடப்பட்டவை: தடம் 1-இன் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், தடம் 6-க்கு 2437, தடம் 11-க்கு 2462. அடுத்தடுத்த தடங்களின் மையங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு தடமும் பிடித்துக்கொள்ளும் தட அகலம் குறைந்தது 20. ஆகவே தடம் 1-உம் 2-உம் 3-உம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் இருக்க வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை 1, 6, 11.

அண்டை ரூட்டர்கள் 1-இலும் 6-இலும் இருக்கின்றன, 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போவது பலரும் செய்யும் பிழை. ஒரே தடத்தில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை ஒன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். வேகம் குறையும், இணைப்பு நிற்கும். தடம் 3-இல் உட்கார்ந்தவருக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் பாதி பாதியாக வெறும் இரைச்சலாகவே விழும். தரவு சிதைந்து மீண்டும் மீண்டும் அனுப்ப நேரும். 3-ஐவிட நெரிசலான 1 மேல். இந்தச் செய்தியை “காலியான அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள்” என்ற வரியால் சொல்லவே முடியாது.

அகலம் இன்னொரு கணக்கு. 40 மெகாஹெர்ட்ஸ் தட அகலம் வைத்தால் 83.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏறக்குறைய பாதி போய்விடும். அகலம் இரட்டிப்பானால் உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பு, அதாவது 3 டெசிபல் கூடுதல். எட்டும் தொலைவும் சுருங்கும். நெரிசலான இடத்தில் 2.4-இல் 20-க்கு மேல் வைக்கவே வேண்டாம்.

இனி, ‘அலைவரிசையை மாற்று’ என்ற ஒற்றை அறிவுரைக்குள் எத்தனை வேறு மருந்துகள் அடைபட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன, சிக்னல் வலிமை −50 டிபிஎம் அளவில் (சுழியை நெருங்க நெருங்க வலு) இருக்கிறது, ஆனால் அக்கம்பக்கத்து வீட்டாரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் திணறுகின்றன. இது நெரிசல், மாற்ற வேண்டியது தடம். ரூட்டர் அருகே நன்றாக இருந்து, அடுத்த அறையில் −75-க்குக் கீழே இறங்கி அறுகிறது என்றால் தடத்தை மாற்றிப் பயனில்லை. 5 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு, அதாவது பட்டை மாற வேண்டும், அல்லது ரூட்டர் இடம் மாற வேண்டும். யூஎஸ்பி 3.0 வெளி வட்டைச் செருகியதும் இணைப்பு தள்ளாடினால், அந்த வடமும் செருகியும் உமிழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதே காரணம். எந்தத் தடத்துக்குப் போனாலும் துரத்தும். 5-க்குப் பட்டை மாறுங்கள், அல்லது வட்டை நீட்டிப்பு வடத்தால் மடிக்கணினியைவிட்டு விலக்கி வையுங்கள்.

ரூட்டரின் பெயர் கைப்பேசியில் தெரிகிறது, மடிக்கணினியில் மட்டும் காணோம் என்றால் முதலில் ஐயப்பட வேண்டியவை 12-ஆம், 13-ஆம் தடங்கள். பல நாடுகளில் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் வழக்கமாக 11-உடன் நின்றுவிடும். ரூட்டர் ‘ஆட்டோ’வில் இருந்து தானாக 13-க்குத் தாவினால், அத்தகைய மடிக்கணினிக்கு அந்த ரூட்டர் இல்லாத ஒன்றாகிவிடும். 1, 6, 11-இல் ஒன்றை நிலையாக வைத்தால் தீர்ந்தது.

5 ஜிகாஹெர்ட்ஸில் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் அறுந்து, ஒரு நிமிடம் கழித்து ஒன்றாகத் திரும்புகின்றனவா? ரூட்டர் எந்தத் தடத்தில் இருந்தது என்று பாருங்கள். 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள தடங்களைப் பல நாடுகளில் ராடாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ராடார் துடிப்பு கேட்டால் ரூட்டர் 10 நொடிக்குள் விலக வேண்டும்; அத்தகைய வேறொரு தடத்துக்குப் போவதானால் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கலாம். இங்கே பட்டையைத் தொடாதீர்கள். 36, 40, 44, 48-இல் ஒரு தடத்துக்கு வாருங்கள்.

ஐந்து கோளாறுகள். சிலவற்றுக்குத் தடம், சிலவற்றுக்குப் பட்டை. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றதற்குப் போட்டால் நோய் அப்படியே இருக்கும், நோயாளி மட்டும் களைத்துப்போவார்.

எனவே என் முன்வைப்பு இது: பேண்ட் – பட்டை. சேனல் – தடம். சேனல் விட்த் – தட அகலம். ஃப்ரீக்வன்சி – அதிர்வெண்.

தடம் ஏன்? ‘தடம் எண்’ என்று பேருந்தில் படித்துப் பழகியவர்களுக்குத் ‘தடம் எண் 6’ விளக்கம் கேட்காமலே புரியும். வேர்ப்பொருளை வைத்து ‘வாய்க்கால்’ என்பாரும் உண்டு. கனாலிஸுக்கு அது நேர்ச்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்குக் கரை உண்டு. ஒரு வாய்க்கால் நீர் அடுத்ததில் ஏறாது. வைஃபைத் தடங்களின் முதன்மையான தொல்லையே ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது. கரையைச் சொல்லும் சொல் அந்த உண்மையை மறைக்கிறது. வேரைப் பிடித்து மொழிபெயர்ப்பதைவிடத் தொழிலைப் பிடித்து மொழிபெயர்ப்பதே சரி.

பேண்டுக்கு ‘அலைக்கற்றை’ என்பவர்கள் அலைக்கற்றை ஏலச் செய்திகளைச் சான்று காட்டுவார்கள். அரசு விற்கும் அந்த உரிமைக்கு அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் கற்றை என்றால் சேர்த்துக் கட்டியது: முடிக்கற்றை, ஒளிக்கற்றை. இன்றைய ரூட்டர்கள் பல ஆன்டெனாக்களின் அலைகளை ஒன்றுசேர்த்து மடிக்கணினி இருக்கும் திசைக்கு வலுவாகக் குவிக்கின்றன. பீம்ஃபார்மிங் எனப்படும் அந்த வேலைக்குக் கற்றைதான் பொருத்தமான சொல். பேண்டுக்குக் கொடுத்துவிட்டால் பீமுக்கு எதைக் கொடுப்பது? பட்டையோ இயற்பியலில் ‘பட்டை நிறமாலை’ என்று ஏற்கெனவே இதே பொருளில் இருக்கிறது. மரப்பட்டை நினைவுக்கு வருகிறது என்று முகம் சுளிப்பவர்கள் கருவிப்பட்டையையும் பணிப்பட்டையையும் திரையில் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தடம் பிடிக்கவில்லை என்றால் சேனல் என்றே எழுதுங்கள்; எனக்கு மனக்குறை இல்லை. நான்கு பொருளைக் குழப்பும் தமிழ்ச்சொல்லைவிட ஒன்றைத் தெளிவாகச் சுட்டும் கடன்சொல் வாசகருக்கு மரியாதை செய்கிறது. வைஃபை என்பதே ஒரு வணிகப் பெயர். அதற்கு ‘அருகலை’ தேடி அலைவதில் செலவிடும் உழைப்பில் கால்பங்கை பேண்டுக்கும் சேனலுக்கும் செலவிட்டிருந்தால் எத்தனையோ பேரின் மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் அட்டவணையில் அனுப்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒன்றை நிரப்பச் சொன்னால் யாரும் அகராதியின் முதல் வரியைத்தான் எடுப்பார்கள். ஆனால் நிரப்பிய பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தால், ஒரே சொல் நான்கு கட்டங்களில் இருப்பது கண்ணில் படாமல் போகாது. அந்த ஒரு வாசிப்பைக்கூட யாரும் செய்வதில்லை என்பதுதான் ஆற்றாமை.

இருப்பதிலேயே தீங்கானது பேண்ட்விட்த். முதலில் அதுவும் ஹெர்ட்ஸில் அளந்த அகலம்தான். அகலம் கூடினால் அனுப்பக்கூடிய தகவலும் கூடும் என்ற உறவை கிளாட் ஷானன் 1948-இல் கணக்காக நிறுவினார். பின்னர் கணினித் துறையில் அதே சொல் நொடிக்கு எத்தனை பிட் என்பதையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இரண்டும் அலைவரிசைக்குள் விழுந்தன. பிராட்பேண்டும் ‘அகன்ற அலைவரிசை’ ஆனது. விளைவாக, காணொளி அழைப்பில் “அலைவரிசை போதவில்லை” என்ற அறிவிப்பைக் கண்டவர் ரூட்டரில் தடத்தை மாற்றிக்கொண்டிருப்பார். அங்கே தேவை ‘தரவு வேகம்’ என்ற சொல். அதன் சோதனையும் வேறு: மடிக்கணினியை வடத்தால் ரூட்டரில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். வடத்திலும் அதே குறை இருந்தால் வைஃபையில் எதையும் தொட வேண்டியதில்லை. வடத்தில் சரியாக இருந்தால், விண்டோஸில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து பட்டையையும் தடத்தையும் பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் தடம், தட அகலம், சிக்னல், இரைச்சல் நான்கும் வரிசையாகத் தெரியும்.