ஜெர்மனியில் கேட்கும், வேலூரில் கேட்காது

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான். சென்னையில் மொட்டைமாடியில் ஒரு கம்பியைக் கட்டி 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் கூப்பிட்டால் ஜெர்மனிக்காரர் பதில் சொல்வார், வேலூரில் இருப்பவருக்கோ நாம் பேசுவதே தெரியாது. 100 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஆகிற மின்சாரம், அவ்வளவுதான்.

காரணம் தலைக்கு மேலே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அங்கே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகின்றன. சாய்வாக வந்து நுழையும் சிற்றலையை, இப்படி எலக்ட்ரான்கள் நிறைந்த அந்தக் காற்றடுக்கு மெல்ல வளைத்துத் தரைக்கே திருப்பிவிடுகிறது. நெட்டுக்குத்தாக ஏறும் அலை பெரும்பாலும் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும், அதனால்தான் பக்கத்து ஊர் விட்டுப்போகிறது. ஒரே தாவலில் 3,000, 4,000 கிலோமீட்டர் போகலாம், கடலில் பட்டு மறுபடி எழும்பினால் அடுத்த கண்டம்.

இன்னொரு அடுக்கும் உண்டு. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் மட்டும் உருவாகி, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது சட்டென்று கரைந்துவிட, மேல் அடுக்கு மட்டும் தங்கியிருக்கும். விடியலும் அந்தியும் சேர்ந்து பூமியைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் போடுகின்றன இல்லையா, அந்த வளையத்தின் மேலேயே இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே சில நிமிடங்கள் வழி திறக்கும். விடியற்காலையில் ஹெட்போனோடு உட்கார்ந்து, வெறும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் மேலே வந்து, சூரியன் ஏற ஏறக் கரைந்து போவதைக் கேட்டவர்கள் இதை விட மாட்டார்கள்.

இப்படிப் பிடித்த நாடுகளை எண்ணித்தான் விருது. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் 1937 முதல் நடத்தும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு 100 இடங்கள் வேண்டும், பட்டியலில் இருப்பது 340. கடலால் தூரமாகப் பிரிந்த தீவுகளுக்குத் தனிக் கணக்கு என்பதால் இந்தியாவுக்கே அந்தமான், லட்சத்தீவு என்று கூடுதலாக இரண்டு. அங்கே குடியிருக்கும் ஹாம்கள் அரிது, எனவே யாராவது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. போனால் உலகமே ஒரே நேரத்தில் கத்தும்.

அந்தக் கூட்டத்தில் பெரிய ஆம்ப்ளிஃபயரைவிடக் காதுதான் உதவும் என்பேன். தீவில் இருப்பவர் ஒரு அலைவரிசையில் பேசி, ஐந்து பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பார். கடைசியாக யாருக்குப் பதில் கிடைத்தது, அவர் எங்கே கூப்பிட்டார், தீவுக்காரர் காது மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, அடுத்து அவர் வரப்போகும் இடத்தில் நம் அழைப்புக்குறியை, அதாவது ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாளக் குறியை, ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து அப்படித்தான் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் அடங்கின. அதுவரை விருதுக்காக நாடு நாடாக எண்ணிக்கொண்டிருந்த அதே ரேடியோவில், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே போக ஆரம்பித்தது.