‘விலைபோனார்’ என்று எழுதாதீர்கள்

2024 நவம்பரில் ஜெட்டாவில் ஐபிஎல் ஏலம் நடந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் அடியில் ஒரே மாதிரி வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரிஷப் பண்ட் 27 கோடிக்கு விலைபோனார். ஸ்ரேயாஸ் ஐயர் 26.75 கோடிக்கு விலைபோனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறவன். “மாமா, பண்ட்டை வித்தது யாரு?” என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், விற்றவர் என்று யாருமே இல்லை. பண்ட் தானாகவே ஏலத்துக்குப் பெயர் கொடுத்தார், லக்னோ அணி அவரை எடுத்தது. பழைய அணியான டெல்லிக்கு அந்த 27 கோடியில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அது ஒரு சீசன் ஆடுவதற்கு ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற பணம். அதைப் போய் விலை என்கிறோம்.

‘வில்’ என்ற வேரிலிருந்து வந்தது விலை. விற்பவர், வாங்குபவர், கைமாறும் பொருள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. ஏலம் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல், மலையாளத்தில் இன்றும் ‘லேலம்’தான். ஏலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நடத்துகிறவர்களே ஏலம் என்றுதான் சொல்கிறார்கள், நடப்பதும் ஏலம்தான்.

சண்டை ‘விலைபோனார்’ என்பதோடு. தமிழில் விலை என்ற சொல் மனிதரோடு ஒட்டும்போதெல்லாம் ஓர் இழிவு சேர்ந்தே வருகிறது. விலைமகள் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். கட்சி மாறிய சட்டமன்ற உறுப்பினரை ‘விலைபோய்விட்டார்’ என்கிறோம். 2013இல் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கியதாகக் கைதான கிரிக்கெட் வீரர்களைப் பற்றி எழுதினால் அங்கே ‘விலைபோன வீரர்கள்’ என்பது பொருந்தும், ஏனென்றால் அது குற்றச்சாட்டு. அதே சொல்லை, ஒளிவுமறைவில்லாமல் ஒப்பந்தம் போட்டு, வரி பிடித்தது போக மீதியை வாங்கிக்கொள்கிற ஒருவருக்கும் எப்படிப் போடுவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவை எந்த அணியும் எடுக்கவில்லை. 2024இல் டேவிட் வார்னரையும் எடுக்கவில்லை. ‘விலைபோகவில்லை’ என்று எழுதுகிறார்கள். சந்தையில் விலைபோகாதது சொத்தைக் கத்தரிக்காய். அரசியலில் ‘எதற்கும் விலைபோகாதவர்’ என்பதோ பெரும் புகழ்ச்சி. ரெய்னா இதில் எது? ‘எந்த அணியும் எடுக்கவில்லை’ என்று மூன்று சொல்லில் முடிகிற செய்திக்கு இவ்வளவு குழப்பம் தேவையா?

இது எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சுத்தியலைத் தட்டி ‘சோல்டு’ என்கிறார் ஏலம் விடுபவர். ஆங்கிலச் செய்தி அதையே எழுதுகிறது, மொழிபெயர்ப்பவர் அதற்கு நேராக ‘விற்கப்பட்டார்’ என்று போடுகிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது, தமிழில் அதன் இணை என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை. ஆங்கிலத்திலும் அது காயப்படுத்தாத சொல் அல்ல. செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியில் பன்னிரண்டு சீசன் ஆடிய கர்ட் ஃபிளட்டை 1969இல் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கியவர் அவர். ‘விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல’ என்ற பொருளில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஒருவர் தன் ஆட்ட வாழ்க்கையையே பணயம் வைத்து எதிர்த்த சொல்லை, அப்படி ஒரு விற்பனையே நடக்காத இடத்தில் நாம் வலிந்து போடுகிறோம்.

கால்பந்தில் விலை என்றால் ஓரளவு பொருந்தும். 2017இல் நெய்மாருக்காக பாரிஸ் அணி 222 மில்லியன் யூரோ கொடுத்தது. அது பார்சிலோனாவுக்குப் போன பணம், நெய்மாரின் ஊதியம் தனி. அங்கே விற்றவர் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நெய்மாரே 222 மில்லியனையும் வீட்டுக்கு எடுத்துப் போனார் என்றுதான் வாசகர் நினைப்பார்.

சரி, அப்போது எது சரியான சொல்? ‘சம்பளம்’ என்பார்கள் பலர். சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆனது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவைக் குறிக்கும் வடசொல்லோடுதான் அது தொடர்புடையது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, தினமும் பேசுகிற சொல்தான். ஆனால் சம்பளம் என்றதும் மாதமும் முதல் தேதியும் ஓய்வு பெறும் வயதும் கூடவே வந்துவிடுகின்றன. 27 கோடியைக் கேட்டவுடன் மனம் அதை நம் மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கிறது, எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. வேகப்பந்து வீச்சாளருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதல் தேதி கிடையாது.

‘கூலி’ எனக்குப் பிடித்த சொல். ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்கிறது குறள். ஆட்டக்காரருக்கு இதைவிட நெருக்கமான சொல் எது? 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தார். மெய்வருத்தம் என்றால் அதுதான். ஆனால் இன்று கூலி என்றால் நாள்கூலி, கூலிப்படை என்று காது வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் மனமில்லாமல்தான் அதை விடுகிறேன்.

நான் நிற்பது ‘ஊதியம்’ என்ற சொல்லில். இன்று அதற்கு வேலைக்கான பணம் என்று பொருள். பழைய பொருள் லாபம். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்ற குறளில், செலவையும் வரவையும் பின்னால் கிடைக்கும் லாபத்தையும் எண்ணிச் செய் என்றுதான் பொருள். இந்த இரண்டு பொருளும் ஆட்டக்காரருக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. அவர் வாங்குவது உழைப்புக்கான பணம், ஆட்டம் ஈட்டுகிற லாபத்தில் ஒரு பங்கும்கூட.

அப்படிச் சொல்லிப் பார்த்தால், அவர்களுக்கு இவ்வளவு தகுமா என்ற கேள்வியே வேறு இடத்துக்கு நகர்கிறது. 2023 முதல் 2027 வரை ஐந்து சீசனுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,680 கோடி. 2025இல் பத்து அணிகளும் வீரர்களை எடுக்க வைத்திருந்த தொகை அணிக்கு 120 கோடி, மொத்தம் 1,200 கோடி. போட்டிக்குப் போட்டி தருவது தனி. ஒளிபரப்புப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே எட்டில் ஒரு பங்குதான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. செவிலியருக்கு இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமே என்ற கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் பண்ட்டுக்குக் குறைத்தால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகாது, அணி முதலாளியின் பையில்தான் இருக்கும். கூட்டம் யாரைப் பார்க்க வருகிறதோ அவர்களுக்கு அந்தப் பங்கு தகும் என்பதே என் கருத்து.

எழுதுகிறவர்கள் ‘27 கோடி ஊதியத்துக்கு லக்னோ ஒப்பந்தம் செய்தது’ என்று எழுதட்டும். இடம் போதாதென்றால் ‘27 கோடிக்கு எடுத்தது’ போதும். 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் ஆஸ்திரேலிய வீரர் கேமரூன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. அது பெரிய ஏலங்களுக்கு இடையில் நடக்கிற சிறு ஏலம், அதில் வெளிநாட்டு வீரர் கையில் வாங்க உச்சவரம்பு 18 கோடி. மீதி 7.20 கோடி வீரர் நலனுக்கென்று கிரிக்கெட் வாரியத்துக்குப் போகும். ஏலத்தொகை 25.20 கோடி, கிரீனின் ஊதியம் 18 கோடி. ‘25.20 கோடிக்கு விலைபோனார்’ என்ற வரியில் இந்தக் கணக்கை எங்கே வைப்பது?