குத்து கையில் தொடங்குவதில்லை

பாக்ஸிங் பழக ஆரம்பித்த சில மாதங்களில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்கள் பெரும்பாலும் தோளைக் காட்டுவார்கள், இல்லையென்றால் மணிக்கட்டை. நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய பின்னங்காலை. காற்றில் மெதுவாக ஒரு குத்து விடச் சொல்வேன். குதிகால் எழும்பாமல் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்: இவர் வெறும் கையால் குத்துகிறார்.

வலது கைப் பழக்கமுள்ளவர் நேராக ஒரு குத்து விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஊன்றிய வலது காலின் முன்பாதம் தரையை உந்துகிறது. கெண்டைக்கால் சதையும் தொடையின் முன்பக்கத் தசையும் காலை நிமிர்த்த, புட்டத் தசைகள் இடுப்பைத் திருப்புகின்றன. வயிற்றின் பக்கவாட்டில் சாய்வாக ஓடும் தசைகள் அந்தத் திருப்பத்தை மார்புக்கூட்டுக்குக் கொண்டுபோகின்றன. அப்புறம்தான் தோள், முழங்கை எல்லாம். கால் கொடுக்காத பலத்தைக் கை தனியாகத் தேடும்போதுதான் தோளின் சிறிய தசைகள் அடிபடுகின்றன.

பலர் கேள்விப்படாத ஒரு தசை இதில் உண்டு. விலா எலும்புகளின் மேல் ரம்பப் பல் வரிசையாகப் பதிந்திருக்கும் செரேட்டஸ் ஆன்டீரியர். 'பாக்ஸர் தசை' என்றே அதற்கு ஒரு பெயர். தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்து முன்னால் இழுப்பது அதன் வேலை. சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பின் ஓரம் முதுகில் இறக்கை போலத் துருத்தினால் அந்தத் தசை தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களைப் பஞ்சிங் பேக் பக்கமே கொஞ்ச நாள் போக வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, உடம்பை இறுக்கிக்கொண்டு குத்தினால் வேகம் வராது. மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் முழங்கையை நீட்டும்போது முன்பக்கத்து பைசெப்ஸ் விட்டுக்கொடுக்க வேண்டும், கடைசியில் பிரேக் பிடிக்கவும் வேண்டும். குறி தவறிய குத்தில் அந்த பிரேக் பிந்தினால் முழங்கையின் பின்பக்கம் எலும்போடு எலும்பு இடிக்கும். வலி சுரீர் என்று ஏறும்.

முஷ்டியைப் படும் கணத்தில் இறுக்கினால் போதும். மணிக்கட்டு மடங்காமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் முதலில் பட வேண்டும். அவற்றின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பிணைந்தவை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அசையக்கூடியது. தப்பாகப் பட்டால் முட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள அதன் கழுத்துப் பகுதிதான் முறியும். குத்திய பிறகு அந்த முட்டி உள்வாங்கியிருந்தாலோ, விரல்களை மடக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறினாலோ, உருவிவிடாதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.