'ரோஜர்' சொல்லும் முன்

ஃபுல்லர்ட்டனில் கிளம்பி வான் நைஸ் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தோம். இடது இருக்கையில் என் மாணவர். மதுரைக்காரர், அர்வைனில் மென்பொருள் வேலை. தனியார் விமானி உரிமத் தேர்வுக்கு இன்னும் சில மணி நேரப் பறப்புதான் பாக்கி. அப்ரோச் கன்ட்ரோலரை, அதாவது அந்தப் பகுதி விமானங்களை ரேடாரில் கவனிக்கும் அதிகாரியை, ரேடியோவில் கூப்பிட்டார். ரேடார் திரையில் எங்களை அடையாளம் காண அவர் நான்கு இலக்க ஸ்குவாக் எண் கொடுத்தார். அதை டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் கருவி) போட்டதும் 'ரேடார் காண்டாக்ட்' என்றார். மாணவர் 'ரோஜர்' என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் லாஸ் ஏஞ்சலஸ் கிளாஸ் பிராவோ, அதாவது பெரிய விமானநிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்குள், அனுமதியில்லாமல் நுழைந்திருப்போம். நான் கையை நீட்டி விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினேன்.

"ஏண்ணா, ரேடார் காண்டாக்ட்னு சொல்லிட்டாங்களே?"

"உங்களைப் பாக்குறோம்னுதான் சொன்னாங்க. உள்ள வாங்கன்னு சொல்லலையே."

இந்த உரையாடல் எனக்குப் புதிதல்ல. தெற்கு கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். விமானத்தை இறக்குவதை விட ரேடியோவில் பேசுவதற்குத்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி கேட்டதை முழுசாகக் கேட்டது போலத் தலையாட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய விமானநிலையத்தைச் சுற்றியுள்ள கிளாஸ் பிராவோவை, கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில், விமானநிலையத்துக்கு நேர் மேலே, அது தரையைத் தொடும். வெளியே போகப் போக அதன் அடிப்பகுதி படிப்படியாக உயரும். லாஸ் ஏஞ்சலஸில் அதன் உச்சி 10,000 அடி. வரைபடத்தில் தடித்த நீலக் கோடுகளுக்குள் 100 என்று மேலேயும் 50 என்று கீழேயும் போட்டிருந்தால், அந்தப் படி 5,000 அடியில் தொடங்கி 10,000 அடியில் முடிகிறது என்று பொருள். அதற்குக் கீழே நீங்கள் பிராவோ அனுமதி இல்லாமலே பறக்கலாம். ஆனால் விமானநிலையத்தை நெருங்க நெருங்க அந்தக் கூரை இறங்கி வரும். நேராக, ஒரே உயரத்தில், எந்தத் தவறும் செய்யாமல் பறப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவரும் அடுத்த படிக்குள் போய் முட்டுவது அதனால்தான்.

பிராவோவுக்குள் போக அனுமதி வேண்டும். அந்த அனுமதி 'கிளியர்டு இன்ட்டு த பிராவோ' என்ற சொற்களில், உங்கள் அழைப்புக்குறியோடு (ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயர்) வர வேண்டும். ஸ்குவாக் எண் கிடைத்தது அனுமதி அல்ல. ரேடார் காண்டாக்ட் அனுமதி அல்ல. அரை மணி நேரமாக ஃப்ளைட் ஃபாலோயிங்கில் (கன்ட்ரோலர் ரேடாரில் உங்களைக் கவனித்து அருகில் வரும் விமானங்களைச் சொல்லும் சேவை) அதே கன்ட்ரோலரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அதுவும் அனுமதி அல்ல. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், சிறிய விமானநிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் சார்லி, கிளாஸ் டெல்டா வான்வெளிகளில் விதி வேறு. அங்கே கன்ட்ரோலர் உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி 'ஸ்டாண்ட்பை' என்றாலே போதும், தொடர்பு ஏற்பட்டுவிட்டது, வெளியே இரு என்று சொல்லாதவரை உள்ளே போகலாம். ஜான் வெய்ன் விமானநிலையத்தின் சார்லி வான்வெளியில் பழகியவர்கள் அதே பழக்கத்தோடு வடக்கே வந்து பிராவோவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தச் சொற்கள் காதில் விழவில்லையா? கேளுங்கள். 'கன்ஃபர்ம் கிளியர்டு இன்ட்டு த பிராவோ?' மூன்று நொடி வேலை. எந்தக் கன்ட்ரோலரும் அதற்காகக் கோபித்து நான் பார்த்ததில்லை.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. டாரன்ஸ் விமானநிலையத்திலிருந்து ஒரு சிறிய பைப்பர் ஆர்ச்சர் பிக் பேர் மலைக்குக் கிளம்பியது. உள்ளே ஒரு குடும்பம், மூன்று பேர். வானம் தெளிவாக இருந்தது. அது தெரியாமல், அனுமதி இல்லாமல், லாஸ் ஏஞ்சலஸின் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்தது. அந்தக் காலத்தில் அதற்கு டிசிஏ என்று பெயர், 1993இல்தான் கிளாஸ் பிராவோ என்று மாறியது. செரிட்டோஸ் நகருக்கு மேலே, இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ 498 விமானத்தின் வாலில் பைப்பர் மோதியது. ஜெட்டில் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்தவர்கள் 15 பேர், மொத்தம் 82 பேர் இறந்தார்கள். பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாத வகை. கன்ட்ரோலரோ அதே நேரத்தில், அனுமதியின்றி உள்ளே வந்துவிட்ட வேறொரு சிறு விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பைப்பர் விமானி வேண்டுமென்றே நுழையவில்லை. அன்றைய அமைப்பிலும் ஓட்டைகள் இருந்தன, விசாரணை அறிக்கை அதைத்தான் முதன்மைக் காரணமாகச் சொன்னது. பெரிய விமானநிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானதும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதும் இந்த விபத்துக்குப் பிறகுதான். 2020 ஜனவரி 1 முதல் அந்த வட்டத்துக்குள் ஏடிஎஸ்-பி அவுட்டும் (விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) வேண்டும். இந்த விபத்தைச் சொல்லாமல் எந்த மாணவரையும் நான் தனியாக அனுப்புவதில்லை.

சரி, இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். நம் ஊர் வகுப்பறையில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். புரியாதவன்தான் இன்னும் சத்தமாகச் சொல்வான். திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு, இல்லாவிட்டால் தன் மந்தத்தைக் காட்டிக்கொள்வது என்று வளர்ந்துவிட்டோம். போதாக்குறைக்கு ஆங்கில உச்சரிப்பு பற்றிய கூச்சம் வேறு. எதிரே வேகமாக, மூச்சு விடாமல் பேசும் அமெரிக்கக் குரல். பின்னால் ஏர்லைன் விமானிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம். இத்தனையும் சேர்ந்து வாயிலிருந்து வருவது ஒரு 'ரோஜர்'.

ரோஜர் என்றால் 'நீங்கள் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது' என்பது மட்டும்தான். ஆமாம் என்றோ, செய்கிறேன் என்றோ பொருள் இல்லை. கேட்காததற்கு ரோஜர் சொல்வது பொய். சுற்றிலும் ஜெட் விமானங்கள் பறக்கும் இடத்தில் அந்தப் பொய்யின் விலை பெரிது. உயரம், ஹெட்டிங் (பறக்க வேண்டிய திசை), ஓடுபாதை எண் எது சொன்னாலும் அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் தப்பாகக் கேட்டிருந்தால் கன்ட்ரோலர் திருத்துவதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான்.

'சே அகெய்ன்' என்று கேட்கலாம். 'ஸ்பீக் ஸ்லோயர்' என்று கேட்கலாம். மாணவராக இருந்தால் அழைப்புக்குறிக்குப் பின்னால் 'ஸ்டூடண்ட் பைலட்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். சில மாணவர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள், காரில் 'எல்' பலகை ஒட்டிக்கொண்டு போவது போல. சொல்லிப் பாருங்கள், கன்ட்ரோலரின் பேச்சு வேகமே மாறும். உரிமம் வாங்கிய பிறகும், புதிய ஊரில் 'அன்ஃபெமிலியர்' (இந்த இடம் எனக்குப் பழக்கமில்லை) என்ற ஒரு சொல் அதே வேலையைச் செய்யும்.

சரியான சொல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் நியூயார்க்கில் நடந்தது. 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா 52, மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. 'பிரையாரிட்டி' வேண்டும் என்று துணை விமானி கேட்டார், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார். எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் ஸ்பானிஷில் அவரிடம் சொன்னார். அந்தச் சொல் ரேடியோவில் போகவே இல்லை. கன்ட்ரோலர்களுக்கு அது அவசரநிலை என்று விளங்கவில்லை. விமானம் லாங் ஐலண்டின் கோவ் நெக்கில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அனுபவமுள்ள ஏர்லைன் விமானிகளுக்கே அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது என்றால், 60 மணி நேரம் பறந்த நமக்கு எப்படி இருக்கும்? அதனால் நான் மாணவர்களைப் பயிற்சி அறையிலேயே, உட்கார்ந்த இடத்திலேயே, அவசரநிலை அழைப்பான 'மேடே மேடே மேடே'யை உரக்கச் சொல்ல வைக்கிறேன். முதல்முறை எல்லோருக்கும் குரல் உள்ளே போகும்.

அதே அளவு முக்கியமான இன்னொரு சொல் 'அனேபிள்', அதாவது 'என்னால் முடியாது'. நீங்கள் பார்வை விதிகளில், அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறக்கிறீர்கள்; மேகத்துக்குள் போகக் கூடாது. கன்ட்ரோலர் கொடுத்த ஹெட்டிங்கில் மேகம் நிற்கிறது என்றால் அது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிவது போல அவருக்கு ரேடார் திரையில் அது தெரிவதில்லை. 'அனேபிள், கிளவுட்ஸ்' என்று சொல்லுங்கள், வேறு ஹெட்டிங் தருவார். ஒன்றும் சொல்லாமல் நீங்களாகவே கொஞ்சம் வளைத்துக்கொள்வதுதான் ஆபத்து. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் நடந்ததில் இதன் சாயல் உண்டு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் இருந்த செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்கு 70 டிகிரி ஹெட்டிங் சொல்லப்பட்டது. அது யாரிடமும் சொல்லாமல் 90 டிகிரிக்குத் திரும்பியிருந்தது. பின்னால் வந்த பயணிகள் ஜெட்டான பிஎஸ்ஏ 182, செஸ்னா கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லியிருந்தது. பிறகு அது பார்வையிலிருந்து மறைந்துவிட்டதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கன்ட்ரோலர், இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நம்பினார். இரண்டும் மோதின. 144 உயிர்கள் போயின. 'டிராஃபிக் இன் சைட்' என்று நீங்கள் சொன்ன நொடியிலிருந்து அந்த விமானத்தை விட்டு விலகிப் பறக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில் ஏறுகிறது. பார்த்த பிறகு தொலைத்துவிட்டால் 'லாஸ்ட் சைட்' என்று உடனே சொல்லுங்கள். தெரியாத விமானத்தைத் தெரிகிறது என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

பறப்பதற்கு முந்தைய இரவு வேலை ஒன்று இருக்கிறது. பெரிய விமானநிலையப் பகுதியின் வான்வெளியைக் காட்டும் டெர்மினல் ஏரியா வரைபடத்தை மேசையில் விரித்து, உங்கள் பாதையில் ஒவ்வொரு படியும் எங்கே இறங்குகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். 56 நாளுக்கு ஒருமுறை புது வரைபடம் வருகிறது, பழையதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஐபேடில் நீலக் கோட்டுக்கு மேல் குட்டி விமானம் நகர்வதைப் பார்ப்பது வசதிதான், ஆனால் வெயிலில் ஐபேட் சூடேறி அணைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், கூரையை உரசிக்கொண்டு பறக்காதீர்கள். படி 2,500 அடியில் தொடங்கினால் 2,400இல் போவது சட்டப்படி சரி. ஆனால் மதிய வெயிலில் மேலெழும் காற்று உங்களை நொடியில் 200 அடி தூக்கிவிடும். உயரமானியின் அழுத்த அமைப்பு 0.30 அங்குலம் தவறினாலே உயரம் 300 அடி தவறும். கீழே தரை இடம் கொடுத்தால் 300, 400 அடி விட்டே பறப்பேன்.

முடிந்த போதெல்லாம் ஃப்ளைட் ஃபாலோயிங் கேளுங்கள். காசு கிடையாது. கன்ட்ரோலருக்கு வேலை அதிகமாக இருந்தால் மறுப்பார், அவ்வளவுதான். அவர் கண்ணில் படாமல் பிராவோவுக்கு அடியில் நைசாகப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், தங்களைக் காப்பாற்றக்கூடிய இன்னொரு ஜோடிக் கண்களைத் தாங்களே மூடிக்கொள்கிறார்கள். கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும், இந்த நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி முழங்காலில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நான் இன்றும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நடக்கலாம். 'பாஸிபிள் பைலட் டீவியேஷன்' (விமானி விதியை மீறியிருக்கலாம்) என்று சொல்லி கன்ட்ரோலர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தால் பதறாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, முதலில் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்குங்கள். பிறகு, நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டமான ஏஎஸ்ஆர்எஸ்ஸுக்கு அறிக்கை அனுப்புங்கள். 1976 முதல் நடக்கும் திட்டம் அது. வேண்டுமென்றே செய்யாத மீறல், விபத்தோ குற்றமோ இல்லை, கடந்த 5 ஆண்டில் வேறு மீறல் உறுதியாகவில்லை என்றால், 10 நாளுக்குள் அறிக்கை அனுப்பியவருக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தண்டனை விதிப்பதில்லை. பெரும்பாலும் கூடுதல் பயிற்சியோடு விஷயம் முடியும். மீறல் நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தாலும் அனுப்பலாம். அந்த மதுரைக்கார மாணவரிடம் இதைச் சொன்னபோது, அன்று நான் மூக்கைத் தாழ்த்தாமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து அந்த அறிக்கையை ஒரு வெள்ளைத்தாளில் முழுசாக எழுதிப் பார்த்தோம்.