ட்ரப்பீசியஸ்: சரிவகத் தசையா, கொங்காணித் தசையா?

ஜிம்முக்குப் போகிறவர்கள் ‘ட்ராப்ஸ்’ என்கிறார்கள். வீட்டில் நாம் ‘பிடரியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் பிடிச்சு இழுக்குது’ என்று சொன்னால் பெரும்பாலும் இந்த ட்ரப்பீசியஸ் தசையைத்தான் சொல்கிறோம். வலது கையை இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, இடது தோளைக் காதுப் பக்கம் தூக்கிப் பாருங்கள். விரலுக்கு அடியில் திரண்டு வருகிறதே, அதுதான்.

ஆனால் அது மேல் நுனி மட்டும். பின்மண்டை எலும்பில் தொடங்கி, கழுத்து வழியாக 12-வது நெஞ்சு முள்ளெலும்பு வரை, அதாவது முதுகின் பாதியைத் தாண்டியும் இறங்குகிறது. பக்கவாட்டில் காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பிலும் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மேல் நார்கள் தோளைத் தூக்கும், நடு நார்கள் பின்னால் இழுக்கும், கீழ் நார்கள் இறக்கும். மேலும் கீழும் சேர்ந்து இழுத்தால் தோள்பட்டை எலும்பு சுழலும். பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கக் கையை 180 பாகை உயர்த்துகிறோமே, அதில் சுமார் 60 பாகை இந்தச் சுழற்சியால் வருவது. இதை இயக்குவது 11-வது கபால நரம்பு. அது அறுபட்டால் தோள் தொங்கிவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘ட்ரபெசா’ என்றால் மேசை, நான்கு கால் உள்ளது என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் கணக்கில் படித்த ட்ரப்பீசியம், தமிழில் சரிவகம். அதனால் ‘சரிவகத் தசை’ என்பது நேரான, சரியான பெயர். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் முக்கோணம்தான், இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்த நாற்கர வடிவம் வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இதன் பழைய லத்தீன் பெயர், ‘குக்குல்லாரிஸ்’. துறவிகள் தலையில் போட்டுக்கொள்ளும் முக்காடு என்ற பொருளில் வந்தது. நமக்கு அந்த முக்காடு புதிதா என்ன? மேலூர், சோழவந்தான் பக்கம் மழையில் வயலுக்குப் போகிறவர்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். கூம்பு பின்மண்டையில் உட்காரும், சாக்கு இரு தோளிலும் விரிந்து முதுகில் இறங்கும். தசையும் அச்சு அசல் அப்படியே கிடக்கிறது. பரீட்சையில் சரிவகத் தசை என்றே எழுதுங்கள், மார்க் அதற்குத்தான். ஆனால் ஊரில் ஒரு பெரியவருக்கு எங்கே வலிக்கிறது என்று விளக்க வேண்டுமானால், ‘கொங்காணி போடுற இடம்’ என்றால் போதும், கையைச் சரியாக அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்.