மெடிக்கல் கோடிங்: ஃப்ரெஷருக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் எப்போது கிடைக்கும்?

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பயோடெக், மைக்ரோபயாலஜி படித்து முடித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளம்பரம் அடிக்கடி வருகிறது: "மெடிக்கல் கோடிங், வீட்டிலிருந்தே வேலை, ஃப்ரெஷர்களும் விண்ணப்பிக்கலாம்." கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்க்கும், சென்னை ஹாஸ்டல் வாடகைக்கு வழியில்லாத பெரம்பலூர்ப் பெண்ணுக்கும் இது பெரிய நம்பிக்கை தரும் வரி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கோடர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதலில் அலுவலகத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். அனுபவமே இல்லாதவருக்கு முதல் நாளிலிருந்தே வீட்டு வேலை கிடைப்பது அரிது. அதன் காரணம் தெரிந்தால் பணத்தைப் பறிகொடுக்க மாட்டீர்கள். வீட்டுக்கு மாறும் நாளையும் கொஞ்சம் முன்னே கொண்டுவரலாம்.

அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும் சிகிச்சைக்கு சிபிடி கோடும் போடுவதுதான் வேலை. அந்தக் கோடைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தருகிறது. தட்டச்சு வேகம் இங்கே இரண்டாம்பட்சம். படித்துப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஒரு சார்ட்டை, அதாவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பை, எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு டைப் 2 சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மூன்றாம் நிலை 'ஏ' நாள்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறார். புதியவர் இதை இ11.9 (சிக்கல் இல்லாத சர்க்கரை நோய்), ஐ10 (ரத்த அழுத்தம் மட்டும்), என்18.31 (சிறுநீரக நோய்) என்று எழுதிவிடுவார். மூன்றில் முதல் இரண்டும் தப்பு. சர்க்கரைக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர் தனியாக எழுதாவிட்டாலும், தொடர்பு இல்லை என்று அவர் சொல்லாதவரை இரண்டையும் சேர்த்தே கோட் செய்யச் சொல்கிறது விதி. ரத்த அழுத்தத்துக்கும் இதே கதைதான். ஆகவே இ11.22 (சர்க்கரையோடு சிறுநீரக நோய்), ஐ12.9 (ரத்த அழுத்தத்தோடு சிறுநீரக நோய்), என்18.31, மாத்திரைக்கு இசட்79.84 என்பதே சரி. பழைய பிடிஎஃப் வைத்துப் படித்தவர் என்18.3 என்று நிறுத்திவிடுவார். அந்தக் கோடை 2020 அக்டோபரிலேயே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அப்படியே அனுப்பினால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வரும்.

இன்னொன்று, ஃப்ரெஷர்கள் அதிகம் சறுக்கும் இடம். இருமல், காய்ச்சலோடு புறநோயாளியாக வந்தவருக்கு "நிமோனியாவாக இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதியிருப்பார். புறநோயாளி சார்ட்டில் சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது. இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9, அவ்வளவுதான். நிமோனியாவுக்கான ஜே18.9 போட்டால் இல்லாத நிமோனியா அந்த மனிதரின் மருத்துவப் பதிவில் ஏறிவிடும். உள்நோயாளியாக இருந்து, டிஸ்சார்ஜ் சமயத்திலும் அதே சந்தேகம் எழுதப்பட்டிருந்தால் மருத்துவமனைக் கோடிங்கில் விதி தலைகீழ்: அங்கே நிமோனியா என்றே கோட் செய்யலாம்.

இப்படிப்பட்ட இடங்களில் பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியரிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் தனியாக இருப்பவர் யாரைக் கேட்பார்? திரையை மொபைலில் படம் எடுத்து, தெரிந்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுக்கு என்ன கோட்க்கா?" என்பார். அந்தப் படத்தில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவு எண்ணும் இருக்கும். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டப்படி அது தகவல் கசிவு. அந்த ஒரு படத்தால் வேலை போகும், கிளையன்ட் ஒப்பந்தத்துக்கே ஆபத்து வரும். நிறுவனங்கள் புதியவரை வீட்டுக்கு அனுப்பத் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம். சில கிளையன்ட்கள் வீட்டு வேலைக்கே அனுமதி தருவதில்லை. அந்த புராஜெக்ட்டில் மாட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அலுவலகம்தான். எனவே நேர்காணலிலேயே "இந்த புராஜெக்ட்டில் ஒர்க் ஃப்ரம் ஹோம் உண்டா, எத்தனை மாதம் கழித்து?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அனுமதி உள்ள இடங்களில் பார்ப்பது இரண்டு எண்களை: தினசரி டார்கெட் (ஒரு நாளில் முடிக்க வேண்டிய அளவு), ஆடிட்டில் வரும் குவாலிட்டி (போட்ட கோடில் எவ்வளவு சரி என்பது). குவாலிட்டிக்குப் பரவலாகக் கேட்கும் அளவு 95 சதவீதம். இருபது கோடில் ஒன்று தப்பினால் சரியாக அந்த விளிம்பில் நிற்பீர்கள். முதல் மாதங்களில் டார்கெட்டைத் துரத்திக் குவாலிட்டியைக் கோட்டைவிடுவது நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. வேகம் பழகப் பழக வரும். விதியைத் தப்பாகப் பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆடிட்டர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு எரரையும், எந்த விதி என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ் இல்லாமலும் ஃப்ரெஷர் வேலை கிடைக்கிறது. இருந்தால் கதவு எளிதில் திறக்கும். அமெரிக்கக் கோடர்கள் அமைப்பான ஏஏபிசி நடத்தும் இந்தத் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால் புத்தகத்தில் எதை எங்கே தேடுவது என்ற பழக்கமே பாதி வெற்றி. அனுபவம் இல்லாதவருக்கு சிபிசி-ஏ (பயிற்சி நிலை) என்றுதான் தருவார்கள். 2 ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டினால் அந்த 'ஏ' நீங்கும். ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு விதிகளை அமெரிக்க அரசின் சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஐசிடி ஒவ்வோர் அக்டோபர் 1-லும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதுப்பிக்கப்படும். பயிற்சி நிலையத்தில் சேருமுன் அவர்கள் கையிலிருக்கும் புத்தகம் எந்த ஆண்டுடையது என்று அட்டையைப் பாருங்கள்.

இனி, பணம் போகும் வழிகள். "ரெஜிஸ்ட்ரேஷன் 2,500 ரூபாய், லேப்டாப் டெபாசிட் 8,000, வேலையில் சேர்ந்ததும் திருப்பித் தருவோம்" என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முறையான நிறுவனம் வேலைக்கு எடுக்கப் பணம் வாங்காது. இதைவிடக் கொடியது "மெடிக்கல் டேட்டா என்ட்ரி" என்ற பெயரில் வருவது. ஆன்லைனில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஐந்தாறு நாளில் முடிக்கவே முடியாத அளவுக்குப் படிவங்களைக் கொடுப்பார்கள். முடிவில் "அக்யூரசி குறைவு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் வழக்கு" என்று வக்கீல் பெயரில் மிரட்டல் வரும். பயந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒரு முறை கட்டினால் மறுநாளே அடுத்த தொகை கேட்பார்கள். மெசேஜ்களை அழிக்காமல் வைத்து, வீட்டில் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். ஏமாந்ததில் உங்களுக்கு எந்த வெட்கமும் வேண்டாம்.

போலி அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகளும் உண்டு. நிறுவனங்கள் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் உங்கள் பிஎஃப் கணக்குகளை இணைக்கும் யுஏஎன் எண்ணை வைத்து பிஎஃப் வரலாற்றைப் பார்க்கும்போது பொய் அங்கேயே உடைந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வெளியே அனுப்புவார்கள். ஒரிஜினல் டிகிரி சான்றிதழை யார் கேட்டாலும், சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கி வாருங்கள்.

உண்மையான வேலை கிடைக்கும் முக்கிய வழிகள் இரண்டு: வாக்-இன் (நேரில் போய்க் கலந்துகொள்ளும் நேர்காணல்), ரெஃபரல் (உள்ளே வேலை பார்ப்பவரின் பரிந்துரை). வாக்-இன் அறிவிப்புகளுக்கு ஏஜிஎஸ் ஹெல்த், ஆக்சஸ் ஹெல்த்கேர், ஒமேகா ஹெல்த்கேர் போன்ற நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் கரியர்ஸ் பக்கத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். கல்லூரி சீனியர் யாராவது உள்ளே இருந்தால் தயங்காமல் ரெஃபரல் கேளுங்கள். ஃப்ரெஷர் நேர்காணலில் பெரும்பாலும் உடற்கூறியல்தான்: இதயத்துக்குள் ரத்தம் போகும் பாதையை வரிசையாகச் சொல்லுங்கள், டெண்டனுக்கும் லிகமென்ட்டுக்கும் என்ன வேறுபாடு, '-ஆட்டமி', '-ஆஸ்டமி', '-எக்டமி' மூன்றுக்கும் என்ன பொருள். கடைசிக் கேள்விக்கு வெட்டித் திறப்பது, வெளித்திறப்பு அமைப்பது, அகற்றிவிடுவது என்று உதாரணத்தோடு சொல்ல வர வேண்டும்.

வீட்டுக்கு மாற அனுமதி வந்த பிறகும் ஐடி குழு உங்கள் இடத்தைச் சரிபார்க்கும். கதவு சாத்தக்கூடிய அறை, கேபிள் வழியாக வரும் பிராட்பேண்ட், கரண்ட் போனால் மோடமும் சேர்ந்து ஓடும்படி இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவற்றை முன்பே தயார் செய்யுங்கள். பலர் கம்ப்யூட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு மோடமை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் அறுந்து அன்றைய டார்கெட்டும் போகிறது. மொபைலைப் பக்கத்து அறையில் வையுங்கள். சார்ட் திறந்திருக்கும்போது குழந்தையைக்கூடத் திரைப் பக்கம் விடாதீர்கள். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சாட்டில், நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், "டைப் 2 சர்க்கரையும் சிகேடியும் (நாள்பட்ட சிறுநீரக நோய்) இருக்கிறது, தொடர்பு எழுதவில்லை, இ11.22 சரியா?" என்று மட்டும் கேளுங்கள்.